கீழிருந்து குடைந்த பனி

மிட்சுயோவுக்கு,

நம் மகள் சிஹாயா இறந்த மாதமே நீ அசாஹிகாவாவில் இருக்கும் உன் தங்கை வீட்டுக்குப் போனாய். முப்பத்தொரு குளிர்காலம் ஆகிவிட்டது. உன்னைத் திரும்ப அழைக்க இதை எழுதவில்லை.

காட்டோரத் திறந்தவெளிப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பனிச்சிற்பம் கற்றுத்தரக் கூப்பிட்டார்கள். சான்றிதழ் உண்டா என்று கேட்டார்கள். கை உண்டு என்றேன்.

பெரிய மரப்பெட்டிக்குள் பனியைக் கொட்டி, ஆறு பிள்ளைகள் மிதித்து இறுக்கினார்கள். எனக்கு ஏழு பேரின் காலடி கேட்டது. காது மந்தம்தான், வேறென்ன. பலகைகளைக் கழற்றியதும் ஆளுயரத்துக்கு மேல் வெள்ளைப் பாறை நின்றது. அதை மேலிருந்துதான் செதுக்கிக்கொண்டு வரவேண்டும். ஏணி ஒன்றுதான் இருந்தது.

நாகிசா என்ற சிறுமி சிணுங்கினாள். "தாத்தா, என் முறை எப்பதான் வரும்? நின்னு நின்னு கால் மரத்துப்போச்சு."

"ஏன் சும்மா நிக்கிற? கீழே கரடிக்கு ஒரு குகை தோண்டு."

அவள் தலையை உள்ளே விட்டுத் தோண்டினாள். டீச்சர் ஓடிவந்து காலைப் பிடித்து இழுத்தாள்.

"உங்களுக்குப் புத்தி இருக்கா தாத்தா? மேல இருக்கிறது சரிஞ்சா பிள்ளை என்னாகும்?"

 நாகிசாவிடம் நான் சொன்ன அதே வார்த்தைகளை, அதே எரிச்சலோடு, முன்பே ஒருமுறை சிஹாயாவிடம் சொல்லியிருக்கிறேன்.

சிஹாயா தானாகவே குடைந்தாள், பனி சரிந்து மூடிவிட்டது என்று போலீசிடம் சொன்னேன். அம்மாக்காரி கவனிக்கவில்லை என்று ஊரெல்லாம் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பினேன்.

அவளைக் குடையச் சொன்னவன் நான். மண்வெட்டியைக் கையில் கொடுத்தவனும் நான்.

இதை உன் தங்கை முன்னால் சத்தமாகப் படி.

சிஹாயாவின் அப்பா