வாசிப்பை விட்ட கார்த்திகை

கார்த்திகை 3, செவ்வாய்

விடியலிலிருந்து சாரல். பொன்னம்மாளின் சேலைகள் உலரவில்லை. அடுக்களைக் கொடிக்கு மாற்றினேன்.

இதுவரை விட்டவை: இலக்கிய மன்றச் சொற்பொழிவு, சங்கக் கூட்டம், செய்தித்தாள், கல்யாண வீடுகள். எஞ்சியவை: விளக்கு, மனத்தில் நிற்கும் பழம்பாடல்கள், மனைவி. நாள் மறந்து, மகள் பெயர் மறந்து, ஐப்பசியில் என்னையும் மறந்தவள். வேலைக்கு நிற்கும் எவரோ என்று எண்ணுகிறாள். ஆயினும் என் கையால் கொடுத்தால் கஞ்சி இறங்குகிறது.

இனி விட வேண்டியது ஒன்று. அய்யாவை வணங்கும் தாங்கலில், அவர் வரலாறு சொல்லும் ஏடு வாசிப்பு. முப்பத்தோராண்டு, ஆண்டுக்குப் பதினேழு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம். அத்தனை நேரம் இவளைத் தனியே விடலாகாது. அய்யா என்னிடம் கேட்பது ஏட்டையா, இவளையா? உச்சிவேளை வழிபாட்டுப் படிப்பில் நின்று நினைத்தேன். இவளையே என்று பட்டது.

கார்த்திகை 4, புதன்

மழை இல்லை. தாங்கல் பொறுப்பாளர் செல்லத்துரை வந்தார். வாசிப்பை விடுகிறேன் என்றதும் முகம் சுண்டிற்று. மயிலாடியில் ஒருவர் பிழையின்றி வாசிப்பார், அவரை அழையும் என்றேன்.

"இனி அந்த மைக்கு எதுக்கு அண்ணாச்சி? அதுக்கு உம்ம தொண்டையல்லா பழக்கம்."

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். எனக்கோ நெஞ்சு இலேசாயிற்று. எழுத நாணம், உண்மை அதுவே.

கார்த்திகை 6, வெள்ளி

முதல் நாள் வாசிப்பு, மாலை 4. வீட்டெதிரே மின்கம்பத்தில் ஒலிபெருக்கி. மயிலாடிக்காரருக்கு நல்ல குரல். பொன்னம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பினாள். சற்றைக்கெல்லாம் எழுந்து செருப்பைத் தேடினாள்.

"அவியளுக்கு என்னமோ ஆயிப்போச்சு. வேற ஆளுல்லா வாசிக்கான்."

நானே அது, இதோ இருக்கிறேன் என்றேன். முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நீரு சும்மா இரும்."

கஞ்சி இறங்கவில்லை.

கார்த்திகை 9, திங்கள்

நாலு மணி ஆனால் அழுகை. ஜன்னலை அடைத்தேன், அடைத்த கதவில் செவியை ஒட்டிக்கொண்டு நின்றாள். அருகமர்ந்து வாசித்தும் பார்த்தேன். பயனில்லை. இவள் அறிந்த என் குரல் அந்தக் குழாய் வழியே தெருக் கடந்து வருவது.

முப்பத்தோராண்டும் இவள் இந்த ஜன்னலடியில் காய் நறுக்கியபடி கேட்டு வந்திருக்கிறாள். ஒருநாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. எது வேண்டும், எது வேண்டா என்று நானே தேர்ந்தேன். இவளுக்காகத் துறந்தேன் என்று பெருமிதம் வேறு. இவளிடம் எஞ்சியிருந்த என்னை அல்லவோ துறந்தேன்.

கார்த்திகை 11, புதன்

முழங்கால் வலி. அமிர்தாஞ்சன் தீர்ந்தது.

செல்லத்துரை வீட்டுக்குப் போய், ஒரு நாளேனும் வாசிக்கத் தாருங்கள் என்று நின்றேன். அம்மாவுக்குத் துணையிருக்க மகள் ராஜத்துக்கு விடுப்புக் கிடைப்பது வாசிப்பின் பதினைந்தாம் நாள், திருக்கல்யாண வாசிப்பு. மயிலாடிக்காரர் மறுசொல் இன்றி ஒப்பினாராம்.

செல்லத்துரை சிரித்தார். "வெத்தலச் சுருள் கொண்டு வாறவனெல்லாம் உம்மத்தான் கேக்கான். வாரும்."

அதுவரை ஒன்பது நாள் அழுகை.

கார்த்திகை 20, வெள்ளி

வாசித்தேன். இருமுறை குரல் கம்மியது. முடிந்தவுடன் வெற்றிலை வாங்கவும் நில்லாமல், தாங்கலில் கட்டும் தலைப்பாகையும் நாமமுமாக வீடு சேர்ந்தேன். அம்மா அழவில்லை, கஞ்சி முழுதும் குடித்தாள் என்றாள் ராஜம்.

பொன்னம்மாள் என்னைக் கண்டு எழுந்து நின்றாள். தலைப்பாகையைப் பார்த்துத் தாங்கலிலிருந்து எவரோ வந்ததாக எண்ணிவிட்டாள். முகத்தில் அப்படியொரு தெளிவு.

"ஏடு கேட்டீரா? எங்க வீட்ல அவியதான் வாசிச்சது."

கேட்டேன் என்றேன்.

"தொண்ட கட்டியிருக்கு. முடிஞ்சதும் நேரே வீட்டுக்கு வரச் சொல்லும், என்ன? நான் தனியாக்கும் கெடக்கேன்."

சொல்லுகிறேன் என்றேன்.