திரும்பி வராத லைன் கிளியர்

பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இவ்வளவு ராத்திரியில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். பகலெல்லாம் உன் அப்பா வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவதால் பேனாவைத் தொட முடியவில்லை, இப்போதும் அவர் தூங்குகிறாரா, கண்ணை மட்டும் மூடிக்கொண்டிருக்கிறாரா என்று தெரியாமல் சமையலறை விளக்கில் எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருக்கும். நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும், மனசு பற்றித்தான் இந்தக் கடிதம். மெசேஜ் போட்டிருக்கலாமே என்பாய், போட்டால் நீ கட்டைவிரல் படத்தை அனுப்பிக் கதையை முடித்துவிடுவாய்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது அப்பா எடுக்கவில்லை, என் போனில் கூப்பிட்டதும் மாடிக்குப் போய்விட்டார். ரிட்டயர் ஆன அன்றைக்கு வரவில்லை என்று இன்னும் கோபமா என்று நீ கேட்டாய், நானும் ஏதோ மழுப்பி வைத்தேன். கோபமெல்லாம் இல்லைடா. அவர் யார் போனையும் எடுப்பதில்லை. செல்லை அணைத்து, அலமாரியில் பழைய காக்கிச் சட்டைக்கு அடியில் வைத்துவிட்டார்.

முதலில் எல்லாம் சிரிக்கிற மாதிரிதான் இருந்தது. ஷிப்ட் மாறி மாறிப் பார்த்த உடம்பு இல்லையா, ஒரு வாரம் விடிகாலையில் குளித்துத் தயாராகிவிடுவார், அடுத்த வாரம் நடுராத்திரி எழுந்து மீட்டரைப் பார்ப்பார். வீட்டு சுவிட்சுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டினார். நான் கடைக்குக் கிளம்பினால் அடுப்பில் என்ன இருக்கிறது, எப்போது இறக்க வேண்டும் என்று சொல்லி சார்ஜ் ஒப்படைத்துவிட்டுத்தான் போகணுமாம். சின்னது பள்ளிக்கூடம் விட்டு வந்து அப்பாவுக்கு லீவு எப்பம்மா முடியும் என்று கேட்கிறாள். என் வயசுக்காரிகள் புருஷனை ஆபீசுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக ஒரு காபி குடிக்கிறார்கள், எனக்கு அந்தக் கொடுப்பினை போச்சு என்று அவரிடமே சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். பதினைந்து நாளாக அந்தச் சிரிப்பு இல்லை.

நடந்தது இதுதான். அப்பா வேலை பார்த்த சப்ஸ்டேஷனில் லைன் கிளியர் என்று ஒன்று உண்டே, உனக்குத் தெரியாததா, இருந்தாலும் சொல்கிறேன். கம்பத்தில் ஏறப்போகிற லைன்மேன் போனில் கேட்பார், அப்பா அந்த லைனை நிறுத்தி, சுவிட்சில் பலகையைத் தொங்கவிட்டு, குடுத்தாச்சு ஏறு என்பார். வேலை முடிந்து அதே ஆள், அதே போனில், இறங்கிட்டேன் சார் என்று சொல்லும்வரை கடவுளே வந்து கேட்டாலும் கரண்டு விடமாட்டார். ஆபீஸ் போன் பாதி நாள் செத்துக் கிடக்கும் என்பதால் எல்லாரும் அவர் செல்லுக்கே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். அன்றைக்கு மத்தியானம் காற்றும் மழையுமாக இருந்தது, அப்பா வீட்டில் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்தார். போன் அடித்தது, உன்னைத் தோளில் உட்கார்த்தி ஊரெல்லாம் சுற்றிக் காட்டுவாரே அந்த நெட்டை அண்ணன்தான், உங்க தெருக்கோடியில மரக்கிளை விழுந்திருக்கு சார், லைன் கிளியர் வேணும் என்றிருக்கிறார். இவர் தூக்கக் கலக்கத்தில், குடுத்தாச்சு, ஏறு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். அடுக்களையில் இருந்த எனக்கும் அது காதில் விழுந்தது, வழக்கமாகக் கேட்கிற வார்த்தைதானே, எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை பார். அடுத்த நிமிஷம் ஐயோ என்று அப்பாவின் சத்தம், லைனை நிறுத்த அவர் இப்போது ஆபீசிலேயே இல்லையே. திரும்பக் கூப்பிட்டால் அங்கே எடுக்க ஆளில்லை. செருப்புகூடப் போடாமல் மழையில் ஓடினார், நான் பின்னால் ஓடினேன்.

நெட்டை அண்ணன் கெட்டிக்காரர். ஏறுவதற்கு முன்னால் கீழே நின்றே நீளக் கழியால் கம்பியைச் சோதித்துப் பார்க்கிற ஆள், பொறி பறந்ததும் விலகிவிட்டார். நாங்கள் போனபோது ஏணிக்குப் பக்கத்தில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் வீட்டுக்கே வந்தார். நீங்க ரிட்டயர் ஆனது எனக்கும் மறந்துபோச்சு, உங்களுக்கும் மறந்துபோச்சு, கரண்டுக்கு மட்டும் மறக்கல சார் என்று சொல்லி அவரே சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அவர் போன பிறகும் வாசலிலேயே எதற்கோ காத்திருக்கிற மாதிரி வெகுநேரம் நின்றார். நான் உள்ளே கூப்பிட்டதற்கு, என் வாயிலிருந்து வர்ற வார்த்தையை நம்பி ஏறுறவங்கடி, இந்த வாய்க்கு இனிமே போன் எதுக்கு என்றார். அன்றிலிருந்து இப்படித்தான். கரண்டு போனால் திரும்ப வரும்வரை வாசலில் நின்று கம்பத்தையே பார்க்கிறார். சாப்பிடுகிறார், பேசுகிறார், ஆனால் ஆள் இங்கே இல்லை. எனக்கும் ஒரு வேலை ஓடவில்லை, துவைத்த துணியையே திரும்பத் துவைக்கிறேன்.

நேற்று சின்னது ஸ்டூலில் ஏறிப் பரணிலிருந்து எதையோ எடுத்தாள். அப்பா ஓடிவந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். அவள் குதித்து, ஓடி, அடுத்த அறைக்கே போய்விட்டாள், இவர் பிடித்த பிடியை விடவில்லை. அவள் திரும்பி வந்து, இறங்கிட்டேன்ப்பா என்று சொன்ன பிறகுதான் கையை எடுத்து மூச்சு விட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கொடுத்த அந்த லைன் கிளியர் இன்னும் திரும்பி வரவில்லையடா. அந்த மனுஷன் இன்னும் அவருக்குக் கம்பத்தின் மேலேயே இருக்கிறார்.

நெட்டை அண்ணனிடம் போய்ச் சொன்னேன். ஏறாத கம்பத்திலேருந்து இறங்கச் சொல்றியே தங்கச்சி என்றார், பிறகு தலையில் அடித்துக்கொண்டு, இது எனக்குத் தோணலையே, நேர்ல சொன்னா செல்லாது, போன்ல குடுத்ததைப் போன்லதான் திருப்பணும் என்றார். ஆனால் போன்தான் அலமாரியில் கிடக்கிறதே. நான் சொன்னால் எடுக்க மாட்டார், உனக்காக என்றால் எடுப்பார். அதனால் அப்பாவுக்கு என்று தனியாக ஒரு கடிதம் எழுது. இன்ன நாள், இன்ன நேரத்துக்குக் கூப்பிடுவேன், நீங்களே எடுங்கள் என்று மட்டும் எழுது, வேறு உபதேசம் வேண்டாம். அதற்குச் சற்று முன்னால் நெட்டை அண்ணன் கூப்பிடுவார். அப்பா கண்ணாடி போடாமல்தான் போனை எடுப்பார், நீ என்று நினைத்தே எடுப்பார். அது முடிந்ததும் நீ கூப்பிடு. உடனே எடுக்காவிட்டாலும் விடாதே, கொஞ்சம் தொண்டையைச் சரிசெய்துகொள்ள நேரம் ஆகும்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், எடுத்த காரியமெல்லாம் துலங்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. சார்ஜ் ஏறுகிற போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்காதே, இதை அப்பா சொல்லச் சொன்னதாகவே வைத்துக்கொள். இந்தக் கடிதத்தைப் பற்றி அவரிடம் மூச்சு விடாதே. சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா