பிளக்கைப் பிடுங்கியும் அணையாத சுடர்

அனுப்புநர்:
பத்தாம் வகுப்பு மாணவி
(‘பிளக் புடுங்கி’ என்று கேட்டால் பள்ளியில் காட்டுவார்கள்),
மருந்துக்கடை மாடி வீடு.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: அறிவியல் கண்காட்சியில் என் குறும்பு பலிக்காமல் போனதும், அதற்காக அக்காவின் இயந்திரம் வெளியேற்றப்பட்டதும் – புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கரியமில வாயுவை மின்சாரத்தால் எரிபொருளாக்கும் இயந்திரங்கள் இரண்டு தங்கள் கண்காட்சிக்கு வந்தன. சிறந்ததற்கு நகராட்சி ஓர் ஆய்வறை தருவதாக அறிவிப்பு. கண்காட்சி ஒருங்கிணைப்பாளருடையது பீரோ அளவு. பச்சை விளக்குகள், முழ உயரச் சுடர், மேடை நடுவில் இடம். ஆராய்ச்சி மாணவியான என் அக்காவுடையது ஒரு கண்ணாடிக் கலம், செப்புத் தகடு, சமையல் சோடா கரைத்த நீர். சுடர் சுண்டுவிரல் நகத்தளவு. இடம், கழிவறைக்குப் போகும் வழி. அவ்வழியே வந்தவர்கள் நின்று பார்க்கும் நிலையில் இல்லை.

2. ஒருங்கிணைப்பாளர் உரையாற்றும்போது சுடர் பொசுக்கென்று அணைந்தால் அழகாக இருக்குமே என்று அவர் இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கினேன். விளக்குகள் அணைந்தன. சுடர் அணையவில்லை. உரை முடிந்து, நன்றியுரை முடிந்து, தேநீர் வந்தும் எரிந்தது. எனக்குப் பெருத்த ஏமாற்றம்.

3. திட்ட வந்த அக்கா பாதியில் நிறுத்தி, “ஏண்டி, பிளக்க புடுங்குன, சரி. அது ஏன் அணையல?” என்றாள். அவர் இயந்திரத்தை ஒட்டியிருந்த மேசையின் விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே, எங்கள் வீட்டு அடுப்பில் மாட்டுவது போன்ற சிவப்புச் சிலிண்டர் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

4. இயந்திரம் சேமித்து வைத்த வாயு அது என்றார் ஒருங்கிணைப்பாளர். சேமித்தது உண்மைதான்; கேஸ் ஏஜென்சியின் பெயர்கூட அதன்மேல் அப்படியே இருந்தது. பிறகு, நான் அரசு விழாவைக் குலைத்ததாகச் சொல்லி, என்னோடு அக்காவின் இயந்திரத்தையும் வாசலுக்கு அனுப்பினார். பிளக்கை அது பிடுங்கவில்லை ஐயா.

5. தற்போது அது எங்கள் சமையலறையில், குக்கருக்கு அடுத்து இருக்கிறது. ஆய்வறை கிடைக்காவிட்டால் பரணுக்கு ஏற்றிவிடுவதாக அம்மா அறிவித்திருக்கிறார். அக்கா நேற்று முதல் அந்தக் கலத்தையே துடைத்துத் துடைத்து வைக்கிறாள். என்னைத் திட்டக்கூட இல்லை. அதுதான் பொறுக்கவில்லை.

ஆகவே, நிறைவு நாளான நாளை இரு இயந்திரங்களையும் ஒரே மேடையில் அருகருகே வைத்து, தங்கள் கையாலேயே இரண்டு பிளக்குகளையும் பிடுங்கிப் பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நான் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நிற்பேன். அக்காவின் சுடர் சற்று நேரத்தில் அணைந்துவிடும். அணைந்ததும் ஆய்வறைச் சாவியை அவளிடம் கொடுக்க வேண்டுகிறேன்.

நாள்: நிறைவு விழாவுக்கு முந்தைய மாலை
இடம்: குக்கர் அருகில்

இப்படிக்கு,
பிடுங்கியதை மறுபடி செருகிவிட்டே வந்த,
பிளக் புடுங்கி