வேப்பங்கொத்து இருந்த மடை

2.8.1998, ஞாயிறு
பக்கத்து வயல் ஐயாவு மீதான வழக்கு மக்கள் நீதிமன்றத்துக்குப் போகிறது. சமரசம் பேச நியமித்திருக்கும் வக்கீல் மதிவதனி வீட்டுக்கே வந்து, 22ஆம் தேதி வரச் சொன்னார். வழக்கு முடியாமல் அவனுக்குப் பாஸ்போர்ட் கிடைக்காது. சிங்கப்பூர் வேலை போய்விடும். போகட்டும். ஐந்து வருஷத்துக்கு முன் அவன் மண்வெட்டி என் வலது கையில் மூன்று விரல்களை எடுத்தது. இன்றும் வகுப்பில் இடது கையால் எழுதுகிறேன். பின் பெஞ்சு சிரிக்கிறது.

7.8.1998, வெள்ளி
ஜும்ஆ தொழுகை முடிந்து வரும்போது வெண்ணாற்றுப் பாலத்தில் நின்றேன். கலங்கல் தண்ணீர். எனக்கு நீச்சல் பழக்கியது ஐயாவுதான். வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்து, "விட மாட்டேன்டா மஜீது" என்பான். விட்டுவிடுவான். கரையேறியதும் ஒரே வெள்ளரிப்பிஞ்சை ஆளுக்குப் பாதி கடிப்போம். எதற்கு இதெல்லாம் இப்போது?

15.8.1998
ஐயாவு மனைவி காளியம்மாள் வந்து அழுதுவிட்டுப் போனாளாம். அதிலிருந்து என் மனைவி ரசியா என்னோடு பேசவில்லை.

21.8.1998
எழுதிவிடுகிறேன். எங்கள் வாய்க்காலில் யாருக்குத் தண்ணீர் முறையோ, அவர் மடையில் வேப்பங்கொத்து செருகியிருக்கும். அது இருக்கும்வரை மற்றவர் வாய்க்காலை மறிக்கக் கூடாது. அன்று கொத்து ஐயாவு மடையில் இருந்தது. என் நாற்று கருகிக்கொண்டிருந்தது. பிடுங்கி என் மடையில் செருகினேன். ஓடி வந்து கேட்டான். எட்டாவதோடு நின்னவனுக்கு என்னடா முறை என்றேன். அப்புறம்தான் மண்வெட்டி.
போலீஸில் என் முறை என்றே சொன்னேன். வாத்தியார் சொல்லை நம்பினார்கள்.
நாளை அவன் கொத்துப் பேச்சை எடுப்பான். எடுக்கட்டும். சமரசம் வேண்டாமென்று எழுந்து வந்துவிடலாம்.

22.8.1998
நரைத்துவிட்டான். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"தப்பு என்னுதுங்க சார். ஓங்குனது நான்தானே."
சாராம்! கொத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காத்திருந்தேன். இல்லவே இல்லை. நான் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மதிவதனி கேட்டார்.
"கொத்து அவன் மடையிலதாங்க இருந்துச்சு. நான்தான் பிடுங்கினேன்."
ஐயாவு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான்.
"இதச் சொல்ல அஞ்சு வருஷமாடா?" என்றான்.
சமரசப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். கோணல்மாணலாக.

11.10.1998, ஞாயிறு
ஐயாவு விமானமேறி நாலு நாளாகிறது. விரல்களுக்காக அவனை மன்னித்துவிட்டேனா? தெரியவில்லை. இன்று அவன் முறை. காளியம்மாளுக்குக் காய்ச்சல். விடிந்ததும் நானே போய் அவன் மடையில் வேப்பங்கொத்தைச் செருகினேன். ஆட்டிப் பார்த்தேன். சரியாக இறங்கவில்லை. இன்னும் ஒரு சாண் அழுத்திவிட்டு வந்தேன்.