அக்காவின் வலது கைத் தழும்பு

என் செல்ல அக்கா,

நீ போய்ப் பதினாறு நாளாகிவிட்டது. இன்று சிகாமட்டில் உன் வீட்டில் காரியம் முடிந்தது. சாம்பாரில் உப்பே இல்லை. நீ இருந்திருந்தால் சமையல்காரரை ஒரு வழி பண்ணியிருப்பாய்.

உன்னைக் குளிப்பாட்டியபோது உன் மகள் ராணி ஒன்றைப் பார்த்திருக்கிறாள். "அந்தக் காலத்து ஆளுங்களுக்கு ஒரு கையிலதான் அம்மை குத்துன தழும்பு இருக்கும். அம்மாவுக்கு மட்டும் ஏன் ரெண்டு கையிலயும், சின்னம்மா?" என்று இன்று கேட்டாள். நீ ஆயுசு முழுக்க மூடி வைத்ததை நான் எப்படிச் சொல்ல?

அது ஜப்பான்காரன் காலம். அப்பாவைச் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நம் ரப்பர் தோட்டத்தில் பெரியம்மை பரவியதும் ஜப்பான் அதிகாரி ஒருவர் வந்து எல்லோரையும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிறுத்தினார். கணக்கெழுதும் கிராணி பெயர்களைக் கூப்பிட, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் அம்மை குத்தினார். குத்திக்கொள்ளாவிட்டால் வீட்டுக்கு அரிசி இல்லையாம்.

எனக்கு ஆறு வயது, உனக்குப் பன்னிரண்டு. ஊசியைக் கண்டதும் உன் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, எனக்கும் சேர்த்து நீயே குத்திக்கொள் என்று கெஞ்சினேன். உன் பெயருக்கு இடது கையைக் கொடுத்தாய். என் பெயர் வந்தபோது தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வலது கையை நீட்டினாய். அந்தக் கூட்டத்தில் டிரசர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

சில வாரத்தில் எனக்கு அம்மை போட்டது. அம்மா வாசலில் வேப்பிலை செருகினாள். அதைப் பார்த்து அதிகாரியும் டிரசரும் வந்தார்கள். குத்திய பிள்ளைக்கு எப்படி வந்தது என்று அதிகாரி மலாயில் கத்தினார். டிரசர் உன் இரண்டு கைகளையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. மருந்து கெட்டிருக்கும், தவறு தன்னுடையது என்று சொல்லிவிட்டார். அதிகாரி விட்ட அறையில் அவர் மூக்குக்கண்ணாடி உடைந்தது.

என்னை நோயாளிக் கொட்டகைக்குத் தூக்கினார்கள். நீயும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தாய். அதிகாரி ஏனோ தடுக்கவில்லை. டிரசர் தினமும் வந்து என் புண்களைக் கழுவினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை, நல்ல மனுஷன்.

பிழைத்தேன், முகமெல்லாம் குழியோடு. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போகும்போதெல்லாம், "எல்லாம் என்னாலதாம்மா" என்று நீ அம்மாவிடம் அழுவாய். கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன். கெஞ்சியது நான்தான் என்று ஏன் ஒரு தடவைகூட வெளியே வந்து சொல்லவில்லை? பழி உன்மேல் இருப்பது எனக்கு வசதியாக இருந்ததா? வெட்கமாக இருக்கிறது, அக்கா.

இன்று ராணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் கன்னத்தைத் தடவி, "ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைங்கதானே, லா" என்றாள். இத்தனை காலம் இது நமக்குத் தோன்றவே இல்லையே?

தெப்ராவில் என் வீட்டுக்குத் திரும்பியதும் என் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்வேன். இனி இந்த முகத்துக்காக யாரும் உன்னைக் குறை சொல்ல விடமாட்டேன், நீயே வந்து சொன்னாலும்.

அந்த வலது கைத் தழும்புக்குச் சொந்தக்காரி,
உன் தங்கை பாக்கியம்