வடிவு அக்காவின் பதினெட்டு அறைகள்

9 ஜூன் 1982, புதன்

இந்த நோட்டின் அட்டையில் ‘அல்ஜீப்ரா’ என்று எழுதி ஒட்டிவிட்டேன். இனி அம்மா திறக்க மாட்டாள். நானே திறக்கத் தயங்குகிறேன்.

வடிவு அக்காவின் முதல் கடிதம் வந்தது, ஆஸ்திரியாவிலிருந்து. அக்கா படித்தது ஹிந்தியும் இங்கிலீஷும். தமிழ் எழுத வராது. அம்மாவுக்குத் தமிழ் தவிர எதுவும் வாசிக்க வராது. அப்பா ராணுவத்தில், அஸ்ஸாம் தேஜ்பூரில். ஆக, இங்கே டில்லியில் தமிழ்ப் பள்ளியில் படிக்கும் எனக்கு உத்தியோகம் கிடைத்தது: இங்கிலீஷ் கடிதத்தைத் தமிழில் வாசிப்பது.

ஓட்டல் மேனேஜ்மென்ட் காலேஜிலிருந்து கோடை வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஜூலை முடிய வேலை. பிறகு ஒரு மாதம், ஒரே டிக்கெட்டில் ஐரோப்பா முழுக்க ரயில். ‘ஆபீஸ் டிரெயினிங்’ என்று நம்பித்தான் அப்பா சம்மதித்தார்.

கடிதத்தில் இருப்பதோ: “தினமும் பதினெட்டு அறை பெருக்கித் துடைக்கிறேன். பதினெட்டு கக்கூஸ். அம்மாவிடம் சொல்லாதே. அப்பா தந்தி அடித்துக் கூப்பிட்டுவிடுவார், ரயில் போச்சு.”

“ஏலே ஜம்பு, என்னல எழுதியிருக்கா?”

“பதினெட்டு அறை அவ பொறுப்புலதான் இருக்காம்மா.”

பொய்யா? இல்லையே. பதினெட்டு அறை அக்காவுக்கு. உண்மை தெரிந்தால் ஒரே அறை எனக்கு.

10 ஜூன்

எதிர் வீட்டு வேலம்மாள் அத்தையிடம் அம்மா: “எங்க வடிவுக்குக் கீழ பதினெட்டு பேரு வேல பாக்காங்க.” அறைகள் ஒரே நாளில் ஆட்களாகிவிட்டன. புளுகில் அம்மா என்னைவிடக் கெட்டிக்காரி.

28 ஜூன்

இரண்டாவது கடிதம். குளியல் தொட்டி தேய்த்துத் தேய்த்து முட்டி வீங்கிவிட்டதாம். அழுதாளாம். ‘ஆனாலும் வெனிஸ் பார்க்காமல் வர மாட்டேன்.’

அந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தி இருமி வைத்தேன். “என்னல இருமல்?” என்றாள் அம்மா. “அங்க ஒரே பனிம்மா” என்றேன். இங்கே வெயில் நாற்பத்து மூன்று டிகிரி. நல்லவேளை, அம்மா கவனிக்கவில்லை.

17 ஜூலை

கவரில் போட்டோ! அறிவிருக்கிறதா இவளுக்கு? தலையில் துணி, இடுப்பில் ஏப்ரன், காலடியில் பக்கெட், கையில் முறுக்கிய ஈரத்துணி, முகமெல்லாம் பல். அம்மா எனக்கு முந்திப் பிரித்துவிட்டாள்.

“இது என்னல கோலம்?”

“மாறுவேடப் போட்டிம்மா. முதல் பரிசு.”

அம்மா முகம் மலர்ந்தது. நான் மேதை.

19 ஜூலை

மேதை செத்தான்.

பாப்பம்மாள் குளியலறை கழுவிக்கொண்டிருந்தாள். மதராசி கேம்ப் குடிசைகளிலிருந்து பன்னிரண்டு வருஷமாக எங்கள் வீட்டு வேலைக்கு வருகிறவள். அம்மா பெருமையாகப் போட்டோவை நீட்டினாள்.

“வேசமா? கையப் பாரும்மா. ஒரு கை அசையாம நிக்குது, ஒரு கை முறுக்குது. வேசம் போட்ட பொண்ணு துணியச் சும்மா புடிச்சினு நிக்கும். இது தெனம் புழிஞ்ச கை.”

அம்மா என்னைப் பார்த்தாள். எல்லாக் கடிதங்களையும் மறுபடி வாசிக்க வேண்டியதாயிற்று — இந்த முறை உள்ளதை உள்ளபடி.

“கக்கூஸ் கழுவுதாளா எம்மக? இதுக்கா படிக்க வச்சேன்? கேவலம்லா! இன்லண்ட எடுல. அப்பாவுக்கு எழுதணும். ஒடனே வரச் சொல்லணும் அவள.”

போச்சு. வெனிஸ் போச்சு.

பாப்பம்மாள் கையில் பிரஷ். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

“கேவலமா? அப்ப பன்னண்டு வருசமா நான் இங்க இன்னாம்மா பண்றேன்?”

அம்மா போட்டோவைக் கவிழ்த்துப் பிடித்தாள். நான் இன்லண்டை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

பாப்பம்மாள் என் பக்கம் திரும்பினாள். “வேல முடிஞ்சா அது எங்க போவுமாம்?”

“ஒரு மாசம் ரயில்ல ஊர் சுத்துவா.”

“ரூம் கழுவுற பொண்ணு?”

“ஆமா.”

“அச்சா” என்றாள். அவ்வளவுதான். மிச்ச வேலையை முடித்துவிட்டுப் போனாள்.

20 ஜூலை

இன்லண்ட் மேஜை மேல் கிடக்கிறது. அம்மா எழுதவில்லை. எடுத்து வைக்கவுமில்லை.

3 ஆகஸ்ட்

பாப்பம்மாள் பதினைந்து நாள் லீவு கேட்டாள். ‘கேட்டாள்’ என்பது மரியாதைக்கு; சொன்னாள். “ஆக்ரா போறேன், ஹரித்வார் போறேன். இத்தினி வருசமா டில்லில இருக்கேன், ஒண்ணும் பாக்கல.”

அம்மா “வேற ஆள்…” என்று ஆரம்பித்து, நிறுத்தி, “போயிட்டு வா” என்றாள். பிறகு நிதானமாக என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

11 ஆகஸ்ட்

அக்கா வெனிஸில். பாப்பம்மாள் ஹரித்வாரில். நான் கக்கூஸில். துணியை முறுக்கினால் தண்ணீர் பக்கெட்டுக்குப் போகாமல் என் சட்டைக்கு வருகிறது.

அப்பாவுக்கு எழுதிய இன்லண்டைத் தபாலில் போட அம்மா கொடுத்தாள், ஒட்டாமல். ஒட்டாமல் கொடுத்தால் படிக்கச் சொன்னதாகத்தானே அர்த்தம்?

“வடிவு அங்கே அறை கழுவும் வேலைதான் பார்த்தாள். நானே சொல்லிவிடுகிறேன். தந்தி அடிக்க வேண்டாம். ஊரெல்லாம் பார்த்துவிட்டே வரட்டும். ஜம்புவைப் பற்றி நேரில்.”

நேரிலா? அப்பாவுக்கு லீவு தீபாவளிக்குத்தான். அதற்குள் நல்ல பையனாகிவிட வேண்டும். இல்லாவிட்டால், மூலைகளையாவது ஒழுங்காகத் துடைக்க வேண்டும்.