பாஸ்போர்ட் வந்த விஷயம்

இன்று காலை தெப்பக்குளம் பக்கம் ஒரு கடிகாரக் கடையைத் தாண்டும்போது, சக்கரங்களைக் கழுவும் பெட்ரோல் வாசனை வந்தது. உங்கள் விரல்களின் வாசனை. எதற்காகக் கடைவீதிக்கு வந்தேன் என்பதே மறந்து நின்றுவிட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று மாத விசாவில் உங்கள் அக்காவைப் பார்க்க வந்தீர்கள். வந்த இடத்தில் கடிகாரம் பழுதுபார்க்க உட்கார்ந்து, என்னைக் கட்டிக்கொண்டு, ஸ்ரீரங்கத்தில் என் அப்பாவோடு தங்கிவிட்டீர்கள். என்னை ‘நீர்’ என்று நீங்கள் கூப்பிடுவதைக் கேட்டு அண்டை வீட்டார் சிரிப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. விசாவை இரண்டு தடவை நீட்டித்தார்கள், மூன்றாம் தடவை மறுத்துவிட்டார்கள். அதை என்னிடம்கூடச் சொல்லாமல் ஒன்றரை வருஷம் இருந்தீர்கள்.

போலீஸ் ஆபீசுக்குக் கூப்பிட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. “பதினஞ்சு நாள் டைம் தரேன். நீங்களா கிளம்பிட்டா கேஸ் இல்லை. ஆனா இப்போதைக்குத் திரும்பி வர விசா கிடைக்காதுங்க” என்றார் அதிகாரி. மரியாதையாகத்தான் சொன்னார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போதே பினாங்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தீர்கள். அங்கே உங்கள் சித்தப்பா கடிகாரக் கடை வைத்திருந்தார். “நான் முதல்ல ஊருக்குப் போய், அங்கையிருந்து பினாங்குக்குப் போறன். நீர் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு நாகப்பட்டினத்தில கப்பல் ஏறும். ஒரு வருஷம்தான்.”

ஜங்ஷனில் தனுஷ்கோடி ரயில் நகர்ந்தபோது, “அழாதேயும், மாமா பாக்கிறார்” என்றீர்கள். அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ரயில் பாதையையே பிறகு புயல் கொண்டுபோய்விட்டது.

நீங்கள் பினாங்கு போய்ச் சேர்ந்த எட்டாம் மாதம் என் பாஸ்போர்ட் வந்தது. அதற்கு முந்தின வாரம்தான் அப்பாவுக்குப் பக்கவாதம். “நீ போம்மா, நான் பாத்துக்குவேன்” என்றார், டம்ளரைப் பிடிக்க முடியாத கையோடு. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாருமில்லை. பாஸ்போர்ட்டைப் புடவைகளுக்கு அடியில் வைத்தேன்.

“இன்னும் வரேல்லையோ?” என்று மாதா மாதம் எழுதினீர்கள். வரவில்லை என்றே பதில் போட்டேன். உண்மையைச் சொன்னால் ‘அப்பாவைப் பாரும்’ என்றுதான் எழுதியிருப்பீர்கள். எழுதிவிட்டு, நான் இல்லாமல் இருக்கப் பழகிவிடுவீர்களோ என்று பயந்தேன்.

அப்படிப் பதினாலு மாதம். அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள், “பாஸ்போர்ட் வந்துவிட்டது, தை மாதக் கப்பலில் வருகிறேன்” என்று எழுதினேன். தை பிறப்பதற்குள் சித்தப்பாவின் தந்தி வந்தது. நெஞ்சுவலி, கடையிலேயே போய்விட்டீர்கள்.

பிறகு அவர் விவரமாக எழுதினார். என் கடிதம் வந்த அன்று கடையில் எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தீர்களாம். தனியாக ஓர் அறை பிடித்து, நீங்களே வெள்ளையடித்தீர்களாம். “ஒருவழியாப் பாஸ்போர்ட் தந்திட்டாங்கள்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னீர்களாம்.

இப்போது பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை. “நீங்க ஏங்க உடனே போகலை?” என்று கூட வேலை செய்பவர்கள் கேட்டால், பாஸ்போர்ட் தாமதமாகிவிட்டது என்கிறேன்.

அப்பாவை விட்டு வராததற்கு எனக்கு வருத்தமில்லை. ஒவ்வொரு மாதமும் என் பதிலை நீங்கள் அப்படியே நம்பினீர்களே, அதை எங்கே இறக்கி வைப்பது என்றுதான் தெரியவில்லை.